விக்கவா, ஓடவா?

ஒரு கேள்வி விளங்காவிட்டால் "விளங்கவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் பிடித்த வியாதி. புத்தகம் படிக்கிற, எழுதுகிற ஆள் என்று ஊரில் பெயர் எடுத்த பிறகு அது முற்றிவிட்டது. தெரியாத ஊருக்கு வழி சொல்லியிருக்கிறேன். காதில் சரியாக விழாத ஒரு கதைக்கு விழுந்து விழுந்து சிரித்து, அது மரணச் செய்தி என்று பிறகு அறிந்திருக்கிறேன். இந்த வருடம் அந்த வியாதி என் மனைவியின் காரைப் பிடித்தது. விளங்காத ஒரு கேள்விக்கு நான் சொன்ன ஒற்றைச் சொல்லால், அந்தக் கார் விற்பனைக்கு வந்துவிட்டதென்று பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் சனம் நம்பியது.

மனைவியின் கார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகத்தில் இருப்பது அவளுடைய பெயர். அவள் எத்தாளையில் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்கு அதை ஓட்டிப் போவதும் அவள்தான். என்னிடமும் லைசன்ஸ் இருக்கிறது. ஆனாலும் பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டு "மாடு, மாடு" என்று அறிவிக்கிற பொறுப்புத்தான் எனக்குத் தரப்பட்டிருக்கிறது. கராஜுக்கும் சாமான் கடைக்கும் போவது மட்டும் என் வேலை. அது ஆம்பிளை வேலை என்று எங்கள் இருவரில் யாரோ ஒருவர் கலியாணம் முடித்த புதிதில் சொல்லியிருக்க வேண்டும். யார் என்று இப்போது இருவருக்கும் ஞாபகமில்லை.

கார் ஜப்பானில் பிறந்தது. அங்கே ஒருவர் அலுக்கும் வரை ஓட்டிவிட்டு அனுப்ப, கொழும்பில் இன்னொருவர் அலுக்கும் வரை ஓட்டிவிட்டு விற்க, நாங்கள் வாங்கினோம். எங்களுக்கு அலுக்கப் போகிற நேரம் பார்த்து அரசாங்கத்தில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பிறகு திறந்தார்கள்தான். ஆனால் புதிதாக இறங்கிய வாகனங்களின் விலையைக் கேட்கப் போனவர்கள், வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கள் பழைய காரைத் தடவிக் கொடுத்தார்கள். எங்களுடையதன் பெறுமதியும் வருடா வருடம் ஏறியது. "வயசு போகப் போக மதிப்புக் கூடுற சாமான் எங்கட வீட்டுல இது ஒண்டுதான்" என்று மனைவி சொல்வாள். அப்படிச் சொல்லும்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை. அது அவளுடைய நல்ல மனசு.

விலை ஏறினாலும் காரின் உடம்பு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் சுவாசிப்பதில் பாதி உப்பு. ஆட்களுக்கு அது பழகிவிட்டது; இரும்புக்குப் பழகவில்லை. கறள் முதலில் கதவின் அடியைத் தின்றது, பிறகு மட்கார்டை நக்கியது, கடைசியில் சைலன்சரில் வாய் வைத்தது. அதற்குப் பிறகு காலையில் மனைவி கார் ஸ்டார்ட் பண்ணினால் வீதியோரம் படுத்திருக்கிற கழுதைகள் எழுந்து பதில் சொல்லத் தொடங்கின. அவற்றில் ஒன்று எங்கள் கேற்றடிக்கே வந்து, காருக்காகக் காத்துக்கொண்டு நின்றது. "இதுக்கு மேல விட்டா மாப்பிள்ளை கேட்டு வந்திரும்" என்றாள் மனைவி. நான் சைலன்சர் வாங்கப் புறப்பட்டேன்.

அதே கிழமைதான் கொழும்பிலிருந்து ஒரு வர்த்தகச் சஞ்சிகையின் ஆசிரியர் எனக்குப் போன் எடுத்திருந்தார். வாகன உதிரிப்பாகத் தொழிலும் திருத்தும் தொழிலும் நாடெங்கும் வளர்கிறதாம். எங்கள் கரையோரத்தில் அதன் வளர்ச்சிப் போக்கு எப்படி என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "பகிடியாக வேண்டாம், பாரமாக எழுதுங்கள்" என்றார். ஒரே பயணத்தில் சைலன்சரும் கட்டுரையும் முடியும் என்று கணக்குப் போட்டேன். சட்டைப்பையில் இரண்டு பேனாவும் வைத்துக்கொண்டேன்.

வளர்ச்சியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீதியின் இரண்டு பக்கமும் அது பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு நின்றது. சலூன் இருந்த இடத்தில் பிரேக் செய்கிறார்கள். கைத்தொலைபேசிக் கடை ஷொக் அப்சோபர் கடையாகிவிட்டது. ஐஸ்கிரீம் கடைக்காரர் ரேடியேட்டர் திருத்துகிறார். தொழிலை மாற்றிவிட்டீர்களே என்று கேட்டேன். "எங்க மாத்தின? ரெண்டும் குளிராக்கிற வேலதானே" என்றார். ஒரு காலத்தில் பாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரே மெக்கானிக் ஒரு வாகனத்தை முன் லைற்றிலிருந்து பின் லைற் வரைக்கும் பார்த்தார். இப்போது ஏசிக்கு ஒருவர், கியர் பெட்டிக்கு ஒருவர், பெற்றரியில் ஓடுகிற கார்களின் பெற்றரியைத் திறந்து செத்த செல்லைக் கழற்றிச் சாகாத செல்லை வைக்க இன்னொருவர். கொழும்புக்குப் போகாமலே ஸ்பெஷலிஸ்ட்டிடம் காட்டுகிற வசதி எங்கள் கரையில் வாகனங்களுக்கு வந்துவிட்டது. மனிதர்கள் இன்னும் பஸ் ஏறித்தான் போகிறார்கள்.

அடிபட்ட காரை முழுதாக விற்பதைவிட வெட்டி விற்பதுதான் லாபம் என்பதும் அன்றைக்குத்தான் தெரியவந்தது. கதவு கற்பிட்டிக்குப் போகிறது. எஞ்சின் சிலாபத்துக்குப் போகிறது. சீற் ஒன்று முன்னேஸ்வரத்தில் ஒரு கச்சான் கடலைக் கடையில் கதிரையாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்; பெல்ட்டும் இருந்தது, கச்சான் விற்கிறவர் போட்டுக்கொள்ளவில்லை.

நான் போன கடை முன்பு புடைவைக் கடை. அதன் முதலாளியை எல்லோரும் நானா என்பார்கள். எங்கள் ஆட்களின் பேச்சில் அது அண்ணனைக் கூப்பிடுகிற சொல். அவர் என்னைவிட இளையவர் என்பது ஒரு தடையில்லை. சேலை அடுக்கியிருந்த தட்டுகளில் இப்போது கிளச் பிளேற். ஆனாலும் கை பழைய கைதான். ஃபேன் பெல்ட் கேட்டால், இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புக் கலையாமல் மேசையில் விரிப்பார். வாசலில் நின்ற சேலைப் பொம்மையை மட்டும் அவர் எறியவில்லை. அதன் கழுத்தில் மூன்று பெல்ட்டுகள் மாலையாகத் தொங்கின. மணப்பெண் போலத்தான் நின்றது, கொஞ்சம் டீசல் நாற்றத்தோடு.

"என்ன சாமான் சேர்?"

"சைலன்சர்." கார் என்ன வகை என்பதையும் சொன்னேன்.

நானா உள்ளே திரும்பப் போனவர், நின்று கேட்டார்.

"விக்கவா, ஓடவா?"

மேசையில் சாய்ந்துகொண்டிருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சைலன்சர் விற்க வந்தேனா என்று கேட்கிறாரா? ஓடப் போகிறேனா என்று கேட்கிறாரா? யாரிடமிருந்து? "என்ன நானா கேக்குறீங்க?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இந்தப் பந்தியோடு முடிந்திருக்கும். ஆனால் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருக்கிற ஆள் அப்படிக் கேட்கலாமா? யோசித்தேன். ஓடுவது என் உடம்புக்கு எப்போதும் ஒத்துவந்ததில்லை.

"விக்க" என்றேன், தினமும் விற்கிறவன் போல.

நானாவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானா குரலைத் தாழ்த்தி, "நல்ல நேரம் சேர். இப்ப வித்தாத்தான் உண்டு" என்றார். அவர் ஏதோ பொருளாதாரக் கருத்துச் சொல்கிறார் என்று எண்ணி, "போக்கு அப்படித்தான் இருக்கு" என்று நானும் ஒத்து ஊதினேன். உள்ளே போய்ப் பளபளவென்று வெள்ளிப் பெயின்ற் அடித்த ஒரு சைலன்சரைக் கொண்டுவந்தார். குளித்து அத்தர் பூசி வந்தது போல் இருந்தது.

பக்கத்துக் கராஜில் பாஸ் அதைக் காரில் பூட்டினார். பூட்டிவிட்டு என் காதருகில் வந்து, "நானா செல்லிட்டாரு. நான் வாயே தொறக்க மாட்டன்" என்று சொல்லிக் கண்ணடித்தார். எதைப் பற்றி வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியாது. "நல்லது, தொறக்காதீங்க" என்று நானும் கண்ணடித்தேன். கார் பூனை மாதிரி வீட்டுக்கு வந்தது. கேற்றடியில் நின்ற கழுதை மனமுடைந்து போனது. மனைவி, "பரவாயில்லயே" என்றாள். எங்கள் வீட்டில் அது பதக்கத்துக்குச் சமம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தொடங்கியது. வீதியால் போகிறவர்கள் கேற்றடியில் மெதுவாகப் போனார்கள். சிலர் நின்றார்கள். முன்பின் பேசாத ஒருவர், "சேர், கொழும்புக்குப் போறீங்களா, வெளிநாட்டுக்கா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை, வழக்கம்போல, "பாப்பம்" என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது, வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு மனிதரின் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பாகம் மட்டும் எங்கள் காருக்கு வெளியே தெரிந்தது. மிச்சம் காருக்கு அடியில் இருந்தது.

"ஆரு?"

அவர் மணலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்து ஊரில் கருவாடு மொத்தமாக வாங்கி விற்கிறவர்.

"ஸலாம் சேர். எல்லாம் பரவாயில்ல. பால்மா டின்னும் நல்லாப் புடிச்சிரிக்கி."

"என்ன டின்?"

"சைலன்சர்ல. பால்மா டின்ன வெட்டி ஓட்டைய மூடி, மேல பெயின்ற் அடிச்சிரிக்கி. கிட்டத்துல பாத்தா எழுத்தே தெரியுது. குனிஞ்சி பாருங்க."

குனிந்து பார்த்தேன். வெள்ளிப் பூச்சுக்குக் கீழே மங்கலாக, ஒரு பிள்ளையின் சிரித்த முகமும் "வளர்ச்சிக்கு" என்ற சொல்லும் தெரிந்தன. என் கட்டுரையின் தலைப்பு காருக்கு அடியில் கிடந்திருக்கிறது. நான் மேலே இருந்து பேனாவால் தேடியிருக்கிறேன்.

"நீங்கதானே விக்க எண்டு கேட்டு வாங்கினீங்களாம்?" என்றார் கருவாட்டு வியாபாரி. என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நின்று நிதானமாக விளக்கினார். சாமான் கடைகளில் யாரிடமும் கேட்கிற முதல் கேள்வி அதுதானாம். வைத்து ஓடப் போகிற வண்டி என்றால் "ஓட" என்று சொல்ல வேண்டும். நின்று பிடிக்கிற சாமான் தருவார்கள். வித்துத் தள்ளப் போகிற வண்டி என்றால் "விக்க". பார்க்க வருகிறவன் சந்தி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வரைக்கும் தாங்கினால் போதும். "அதுல ஒரு பொய்யும் இல்ல சேர். கேட்டுத்தானே தாறாங்க. வாங்குறவனுக்கும் அது தெரியும். வாங்கினொடன போய் ஓடுற சாமான் வாங்கிப் போட்டிருவான்."

அந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் தொழிலின் வளர்ச்சி ஒரேயடியாக விளங்கியது. உலகத்தில் மற்ற இடங்களில் ஒரு காருக்கு ஒரு சைலன்சர் போதும். எங்கள் கரையில் விற்கிறவர் ஒன்று வாங்குகிறார், வாங்குகிறவர் ஒன்று வாங்குகிறார். கார் கைமாறக் கைமாறக் கடை பெருகுகிறது.

கூடவே இன்னொன்றும் விளங்கியது. நானா இரகசியம் காக்கிற மனிதர்தான். ஒருவரிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் பலர். "விக்க" என்று நான் சொன்னது ஒரு சைலன்சருக்கு மட்டும் சொன்ன பதிலல்ல. விளம்பரம்.

கருவாட்டு வியாபாரியை ஒருவாறு அனுப்பிவிட்டு, மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை பின்னேரம் வரை நீண்டது. அதற்குள் அவளுடைய தம்பி வந்துவிட்டான்.

மைத்துனன் ஆலங்குடாவில் இருக்கிறான். பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் விட்டு, அது இழுக்கிற இழுப்பில் கடலுக்கு மேல் பறக்கிற விளையாட்டுக்கு அங்கே வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்து இறக்குவது இவன் தொழில். வாடகைக்கு எடுத்த ஒரு வேனில் ஓடிக்கொண்டிருந்தான். பழைய வேன்களின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, வேனின் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார். காற்றுக்காலம் கிட்ட வந்திருந்தது. கடற்கரையில் தங்குமிடம் நடத்துகிற முதலாளி இவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: காற்று எழும்புவதற்குள் சொந்த வாகனத்தோடு வந்தால் சவாரி எல்லாம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அந்த ஒரு பருவத்தில் ஓடித்தான் அவன் வீட்டில் வருடம் முழுக்க உலை வைக்க வேண்டும். புத்தளம், சிலாபம் என்று அலைந்து வாகனம் பார்த்தான். அவன் கைக்கு எட்டிய விலையில் இருந்தவையெல்லாம் பெயின்றும் டின்னுமாக இருந்தன.

வந்தவன் கதிரையில் இருக்கவில்லை. மனைவி பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே கேட்டான்.

"மச்சான், நான் ஒண்டு கேப்பன், கோவிக்காதீங்க. கருவாட்டுக்காரருக்குத் தெரியும், கராஜ்ல பாஸுக்குத் தெரியும், எங்கட முதலாளிக்கும் தெரியும். எனக்கிட்ட மட்டும் ஏன் செல்லல்ல? நான் வாகனத்துக்கு அலையிறது ஒங்களுக்குத் தெரியாதா? நான் ஏழை எண்டுதானே?"

என்னோடு பகிடி விடாமல் ஒரு வசனம் அவன் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

மனைவி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "கார விக்கிறமா?" என்று என்னிடம் கேட்டாள். மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அதுதான் பயம்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. நானா கேட்டது விளங்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ளலாம். அல்லது.

"ஒனக்குத்தான் மச்சான் வெச்சிரிக்கன்" என்றேன். "சாமானெல்லாம் மாத்திச் சரியாக்கிப்போட்டுச் செல்லுவம் எண்டு இரிந்தன். அதுக்குள்ள ஊர் முந்திட்டு."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் என் பொய் அவன் கையில் உண்மையாகிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"சரி. எடுத்துக்கிட்டுப் போ. வெலய நான் செல்லுறன். அது எண்ட கார்."

"ராத்தா, நீங்க பள்ளிக்கூடத்துக்கு?" அக்காவை அவன் ராத்தா என்பான்.

"ஸ்கூட்டி ஒண்டு எடுக்கிறன். மாடு வந்தா எனக்கே தெரியும்."

தம்பி போன பிறகு குசினிக்குள் விசாரணை நடந்தது.

"எண்ட கார, எண்ட தம்பிக்கு, எனக்குத் தெரியாம நீங்க வெச்சிரிந்தீங்க."

"ஓம். ஒங்களுக்கு ஒரு சர்ப்பிரைஸ்."

"சர்ப்பிரைஸ்தான். ஸ்டாஃப் ரூம்ல நாலு நாளா வெல கேக்குறாங்க. நீங்க எப்ப வாய் தொறப்பீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பால்மா டின்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது எனக்குள் சத்தம் போட்டது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு மைத்துனன் விமான நிலையத்திலிருந்து வருகிறான், பாதி வழியில் டின் கழன்று விழுகிறது, கார் கத்துகிறது, வந்தவர்கள் காதைப் பொத்துகிறார்கள், கடற்கரை முதலாளி வேறு ஆளைப் பிடிக்கிறார். அவனுடைய ஒரு பருவம், நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் போய்விடும். கார் கைமாறுவதற்கு முன் யாருக்கும் தெரியாமல் அந்தச் சைலன்சரை மாற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். மறுநாள் ஓட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன்.

"நானா, சைலன்சர் ஒண்டு. அதே காருக்கு."

நானா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஓட."

மேசையில் அன்றைக்குச் சாய்ந்திருந்த இரண்டு பேரும் அதே இடத்தில் சாய்ந்திருந்தார்கள். அவர்களும் கடையின் ஸ்டொக்கில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

"வண்டி விக்கல்லயா சேர்?"

"வித்தாச்சி."

"அப்ப ஓடுற சாமான் வாங்கினவர்தானே போட வேணும்?"

"வாங்கினது மச்சான்."

நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சேர், நான் புடைவ வித்த காலத்துலயும் சரி, இந்தத் தொழில்லயும் சரி, வித்த ஆள் வந்து ஓடுற சாமான் கேட்டதக் கண்டதில்ல. இப்பிடி ரெண்டு பேர் வந்தா எங்கட யாவாரம் குழம்பிரும்."

"இரிக்கா, இல்லையா?"

"கொழும்புல பஞ்சிகாவத்தையில இரிந்து ஒண்டு எடுப்பிச்சன். நல்ல சாமான். காலையிலதான் போச்சி."

"ஆருக்கு?"

"ஒங்கட மச்சானுக்கு."

ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கார் கேற்றுக்கு வெளியே நின்றது. அடியில் பாஸின் கால்கள். பக்கத்தில் சாக்கில் சுற்றிய புதுச் சைலன்சர். மைத்துனன் என்னைக் கண்டதும் கூச்சப்பட்டான்.

"மச்சான், கோவிக்காதீங்க. நீங்க போட்டதும் நல்ல சாமான்தான். ஆனா தூரப் பயணம்தானே..."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"விக்க எண்டு வாங்கினத ஊரே செல்லுதே. நேத்து ராவே ராத்தாக்கிட்டப் போன்ல செல்லி வெலயில கொறச்சிட்டன். அவங்களும் சரி எண்டாங்க. ஒங்கட மனசு நோகும் எண்டு ஒங்களுக்கிட்ட ஒண்டும் செல்ல வேணாம் எண்டுதான்..."

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதைவிடக் கஷ்டமான ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு நின்றாள். நான் மறைத்துவைத்திருந்த ஒரே ஒரு விஷயம், விலையில் கழிக்கப்பட்டு, பேசி முடிக்கப்பட்டு, எனக்கு மட்டும் இரகசியமாக இருந்திருக்கிறது.

பாஸ் பழைய சைலன்சரைக் கழற்றி வெளியே எடுத்தார். அதை எறிவார் என்று பார்த்தேன். தன் சட்டைத் துணியால் துடைத்தார், ஊதினார், புதுச் சைலன்சர் வந்த அதே சாக்கில் சுற்றினார்.

"இத என்ன செய்றீங்க பாஸ்?"

"கடைக்குத்தான். ஒரு கோட் பெயின்ற் அடிச்சா அடுத்த விக்கிறவருக்குப் போகும்."

ஆக, ஒரு காருக்கு இரண்டு சாமான் என்ற என் கண்டுபிடிப்பும் தப்பு. அந்த ஒரு டின், கரையோரத்தின் அத்தனை கார்களுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது. சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரையில் இதை விரிவாக விளக்கினேன். ஆசிரியர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, மிகவும் பாரமாக இருந்ததாகச் சொன்னார்.

காற்று எழும்பியது. மைத்துனன் காரைக் கழுவி, கண்ணாடியில் ஒரு குர்ஆன் ஆயத்து ஸ்டிக்கர் ஒட்டி, கடற்கரை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். முதலாளி காரைச் சுற்றி வந்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சத்தம் கேட்கக் காதை நீட்டி, கேட்காததால் இன்னும் கொஞ்சம் நீட்டினாராம். சவாரி அவனுக்குக் கிடைத்தது. இந்தப் பருவம் முழுக்க ஓடுகிறான். ஒருநாள் என்னைப் பாலாவி வரை ஏற்றிப் போனான். பின் சீற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாள். எந்த விமர்சகரும் எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை. வழியில் எங்கள் பழைய கழுதை நின்றது. கார் அதைத் தாண்டிப் போனது அதற்குத் தெரியவே இல்லை.

மனைவி ஸ்கூட்டியில் போகிறாள். போன மாதம் அதன் பின் லைற் எரியவில்லை. பல்ப் வாங்க நான்தான் போனேன்; அந்த வேலை மட்டும் இன்னும் என்னிடமிருந்து பறிக்கப்படவில்லை. கடையில் கூட்டமில்லை. சாய்ந்திருக்கிற இரண்டு பேரும்கூடத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். மைத்துனன் இப்போது அந்தக் கடையின் நல்ல வாடிக்கையாளன் என்பதால் நானாவும் என்னோடு நெருக்கமாகியிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது.

"நானா, அண்டைக்கி நீங்க விக்கவா, ஓடவா எண்டு கேட்டது எனக்கு வெளங்கவே இல்ல. சும்மா வாயில வந்தத செல்லிட்டன். ஓட எண்டு செல்லியிரிந்தா நல்ல சாமான் தந்திருப்பீங்க, இவ்வளவு கரைச்சலும் வந்திரிக்காது."

நானா பல்ப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சேலையின் கரை பார்ப்பது போல.

"நீங்க என்ன செல்லியிரிந்தாலும் அதத்தான் தந்திரிப்பன் சேர்" என்றார். "அண்டைக்கிக் கடையில இரிந்தது அது ஒண்டுதான்."